காது மரத்த கடை டாக்டர்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் முகம் கழுவும்போது இடது காது என்னுடையதாக இல்லை. தொட்டால் வேறு யாருடைய காதையோ பிடித்தது போல் இருக்கிறது. வலி இல்லை, உள்ளே ஏதோ அடைத்த கனம் மட்டும். ஒருக்களித்துப் படுத்ததில் மரத்திருக்கும். இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு, தெருவே ‘கடை டாக்டர்’ என்று கூப்பிடுகிறவனுக்கு, இதெல்லாம் ஒரு நோயா?

மார்ச் 5, புதன்

சரியாகவில்லை. அப்படியானால் குறும்பி அடைப்புதான். கரைக்கிற சொட்டு மருந்தை விட்டுக்கொண்டேன். தேதி முடியப் போகிற சரக்கை அலமாரியின் முன்வரிசைக்கு நகர்த்துவது எங்கள் தொழில் வழக்கம். அதிலிருந்தே எடுத்தேன். கடைக்காரனே நோயாளியானால் இந்த வசதி உண்டு, சரக்கும் தீரும்.

எதிர்வரிசைக் காது டாக்டரிடம் காட்டச் சொல்கிறாள் மனைவி. நன்றாயிருக்கிறது கதை. அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என் மருந்து பலிக்காமல் அங்கே போனவர்கள். அவர்கள் நடுவில் போய் நான் டோக்கன் வாங்க வேண்டுமாம்.

மார்ச் 6, வியாழன்

மச்சான் செல்போனும் கையுமாக வந்து காரணங்களை வாசித்தான். நீர் கோத்திருக்கலாம், கழுத்தெலும்பு நரம்பை அழுத்தலாம், சர்க்கரை, வைரஸ், கட்டி. ‘கட்டி’ வந்ததும் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி குரலைத் தாழ்த்தினான். கட்டியைத் தவிர எல்லாவற்றுக்கும் என் கடையில் மாத்திரை இருந்தது. சளிக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, சந்தேகத்துக்கு ஒன்று. எல்லாம் முன்வரிசைச் சரக்கு.

மார்ச் 7, வெள்ளி

அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். மறுமுனையில் மூச்சுப் பேச்சில்லை. போனைத் தட்டினேன், உலுக்கினேன், அவனையும் அவன் போனையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். மனைவி போனை வாங்கி என் வலது காதில் வைத்தாள். அந்த ஆள் பாவம், எதற்குத் திட்டுகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருக்கும்.

கடைக்கு வருகிறவர்கள் மூலம், படை, மாதவிலக்கு என்று எல்லாவற்றையும் கிசுகிசுப்பார்கள். நான் இடது காதைச் சாய்த்துக் கொடுப்பேன். இனிமேல் என்ன பண்றது? சத்தமாச் சொல்லுங்கன்னு தெருவுக்கே கேட்க வைக்கிறதா? பயமாயிருக்கு. எழுதிட்டேன் — பயமாத்தான் இருக்கு.

மார்ச் 10, திங்கள்

எதிர்வரிசைக்குப் போகவில்லை, மானம் முக்கியம். இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடி ஆஸ்பத்திரி. கண்ணாடி அறையில் உட்கார்த்திச் சோதித்தார்கள். டாக்டரம்மா எப்போது ஆரம்பித்தது என்றார். நேற்று என்றேன். ஆறு நாள் என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வேறென்ன சொல்வாள்?

இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மருந்துக்கடையில் கொடுத்ததைப் போட்டேன் என்றேன். பொய் ஒன்றும் இல்லையே.

“எவன் அந்தக் கடைக்காரன்? காது திடீர்னு மரத்து, கேக்காமப் போனா அன்னிக்கே ஓடி வரணும். முக்கால்வாசிப் பேருக்குக் காரணமே தெரியாது. ஒவ்வொரு காரணத்துக்கா மருந்து விட்டுப் பாத்துக்கிட்டிருந்தா நரம்பு காத்திருக்குமா? இந்த மாதிரி ஆளுங்கள உள்ள தள்ளணும்.”

தள்ளத்தான் வேண்டும் என்று தலையாட்டினேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் தாண்டி வந்திருந்தால் அநேகமாக ஒன்றும் செய்திருக்க முடியாதாம்.

மார்ச் 14, வெள்ளி

ஸ்டீராய்டு உபயத்தில் பேய்ப்பசி. தூக்கம் கிடையாது. போனில் மச்சானின் அறுவை இடது காதிலும் லேசாக விழுகிறது. இதற்கும் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறது.

மார்ச் 22, சனி

முக்கால்வாசி திரும்பிவிட்டது. மீதி வருமா என்று பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா.

ஆனால் வேறொன்று குடைகிறது. காது மரத்ததென்று என்னிடம் வந்தவர்கள் எத்தனை பேர்? சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வராதவர்களை எல்லாம் குணமானவர்கள் என்று வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமா? கடவுளே.

முகம் நினைவிருப்பது ஒருவருக்குத்தான். இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருப்பவர். போன மழைக்காலத்தில் வந்தார்.

மார்ச் 25, செவ்வாய்

சவரம் செய்துகொள்ளும் சாக்கில் போனேன். எந்தப் பக்கம் நின்று பேசினாலும் அவர் வலது காதையே திருப்பினார். இடது காது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அது அப்பவே போச்சுண்ணே. உங்க மேல குத்தமில்ல. நீங்க நல்ல மருந்துதான் குடுத்தீங்க, என் நேரம். இப்பவும் யாராச்சும் காதுன்னா சீசா பேரச் சொல்லி உங்க கடைக்குத்தான் அனுப்புறேன். எட்டாந்தேதிகூட தையல்கார அம்மா வந்தாங்களே, அன்னிக்குக் காலையிலேர்ந்து காது மரத்து ஒண்ணும் கேக்கலைன்னு.”

வந்திருப்பார். சீசாவின் பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பார். எதற்கென்று நான் கேட்டிருக்க மாட்டேன்.

தொண்டைக்குழியில் கத்தி இருக்கும்போதுதான் சொன்னேன். தைரியமா, கிறுக்கா, தெரியவில்லை. “நான் குடுத்தது தப்பு. அன்னிக்கே உங்கள டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும்.”

கத்தி நின்றது.

“போயிருந்தா கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்கலாம்.”

கத்தியைத் துடைத்து மடக்கி வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எட்டாம் தேதியிலிருந்து பதினேழு நாள், மூன்று வாரத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. தையல்கார அம்மாவின் வீடு எது என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே கையைக் காட்டினார்.

“தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. நீலக் கதவு.”

கழுத்தில் துண்டு, பாதி முகத்தில் சோப்பு நுரை. அப்படியே இறங்கி நடந்தேன். என் கடை வாசலில் காத்திருந்த நாலு பேரும், எதிர்வரிசை பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பார்க்கட்டும். பாதி திறந்திருந்த நீலக் கதவைத் தட்டினேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அந்த அம்மா திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.