விரலில் வைத்த மை

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாமாவுக்கு,

துர்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் சொல்ல வந்தால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுகிறீர்கள். அப்புறம் படகு கடலுக்குள் போய்விடும், டவரும் போய்விடும். ரகு அண்ணன் நாளை பஹ்ரைனுக்குக் கிளம்புகிறார். நீங்கள் கரைக்கு வந்ததும் கையில் கொடுக்கச் சொல்லி இதை அவரிடம் தருகிறேன். கடிதத்தைக் குறுக்கே மறித்துப் பேச முடியாது. முழுசாகப் படியுங்கள்.

நம்ம பாப்பா பிழைத்துக்கொண்டாள். மூச்சுக்கு வைத்த மிஷினை எடுத்துவிட்டார்கள். என் பாலைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள், ஏற்றுக்கொள்கிறாள். ஏழாம் மாதத்தில் பிறந்தாலும் உங்களை மாதிரியே பிடிவாதம். ஆனால் வலது காலில் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் கருத்துவிட்டன. அவை தானாக உதிர்ந்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார்.

இதற்கெல்லாம் ஏஞ்சல் சிஸ்டர்தான் காரணம், அவளை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று ஆஸ்பத்திரி மேனேஜரிடம் சொன்னீர்களாம். வியாழக்கிழமை விசாரணையில் நானும் அதையே சொல்ல வேண்டுமாம். சொல்ல மாட்டேன் மாமா. செத்தாலும் சொல்ல மாட்டேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? பிறந்த அன்றே தொப்புள் வழியாக ரத்தக் குழாயில் மெல்லிய டியூப் ஒன்றை விட்டிருந்தார்கள். அதனால்தான் ஏஞ்சல் பாப்பாவின் கால்களை மூடாமல் வைத்திருந்தாள். நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து விரல்களைப் பார்ப்பாள். வீடியோவில் அந்த வெறுங்காலைப் பார்த்துவிட்டு, கண் பட்டுவிடும், மை வைக்கச் சொல் என்று உங்கள் அக்காவிடம் சொன்னது நீங்கள். பச்சையம்மா அண்ணியும் மை டப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய், வலது உள்ளங்காலிலும் விரல்களிலும் தீற்றிவிட்டார். ஏஞ்சல் உடனே துடைத்தாள். "கால்ல இன்னாவும் வெக்காதீங்கம்மா. டியூபு ஒத்துக்கலன்னா வெரலு நெறந்தான் மொதல்ல மாறும். அது எங்கண்ணுக்குத் தெரிஞ்சிகினே இருக்கணும்" என்றாள். இதில் என்ன தப்பு?

அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. வேற கோயிலுக்குப் போகிறவள், நம்ம வழக்கத்தை மதிக்கவில்லை என்று உங்களிடம் ஓதினார். நீங்கள் மேனேஜரிடம் போனில் கத்தினீர்கள். அவருக்கென்ன? ஏஞ்சலைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இளமதி என்று ஒரு பெண், வேலைக்குப் புதுசு, அத்தனை குழந்தைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்தாள். ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றால் இன்னொரு குழந்தையை யார் பார்ப்பது? அண்ணி மறுபடி போய் மை வைத்தார். ஏஞ்சலுக்கு நடந்ததைப் பார்த்த இளமதி, பாவம், வாயைத் திறக்கவில்லை.

விரல் கருத்தபோது அவள் மை என்று நினைத்தாள். தையல் வலியோடு போய்ப் பார்த்த நானும் மை என்றே நினைத்தேன்.

வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய ஏஞ்சல் பாப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று எட்டிப் பார்த்தாள். பஞ்சை நனைத்து விரலைத் துடைத்தாள். மை போயிற்று, கறுப்பு போகவில்லை. "அக்கா, இது மை இல்ல" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஓடிப்போய் டாக்டரைக் கையோடு கூட்டிவந்தாள். டியூபை எடுத்தார்கள். கொஞ்சம் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்று அவரே சொன்னார். அவளைத்தான் நீங்கள் துரத்தப் பார்க்கிறீர்கள்.

சிப்காட்டில் நான் வேலை செய்த இடத்தில் ஒருத்தியின் கை மிஷினில் மாட்டியது. மிஷினுக்குத் தடுப்பு போடாதது கம்பெனி, கவனக்குறைவு என்று பேர் வாங்கியது அவள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இங்கேயும் அதே கதைதான். மேனேஜர் இப்போது என்னிடம் தேனாகப் பேசுகிறார். ஏஞ்சல் போய்விட்டால், ஏன் ஆள் போடவில்லை என்று அவரை யாரும் கேட்க மாட்டார்கள். மை வைக்கச் சொன்னது யார் என்று உங்களையும் கேட்க மாட்டார்கள். இரண்டு பேருக்கும் வசதி.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன். அண்ணி என் முகத்தில் விழிக்க மாட்டார். அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை, பாசத்தில் செய்தார். கோபமெல்லாம் உங்கள் மேல்தான். பெற்ற குழந்தையை இன்னும் கையில் தூக்கவில்லை, அதற்குள் அடுத்தவள் பிழைப்பில் கை வைத்துவிட்டீர்கள்.

நான் பேசுவதற்கு முன்னால் நீங்களே மேனேஜருக்குப் போன் செய்து சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

பாப்பாவுக்கு வாங்கிய கொலுசை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். லீவு கிடைத்ததும் நீங்களே கொண்டுவந்து உங்கள் கையால் போட்டுவிடுங்கள். அப்போது அந்தக் காலை நன்றாகப் பாருங்கள், முகத்தைத் திருப்பாதீர்கள். கடலம்மா உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். என் விரல் எங்கே நைனா என்று பாப்பா ஒருநாள் கேட்பாள். அன்றைக்கு ஏஞ்சல் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்,
துர்காதேவி