ஒன்பது உறுப்பினர்கள் நேரில் வராத காரணம்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அலுவலக எழுத்தர்,
நிறுவனத் தலைவர் (இந்தப் பதவி இன்று மாலை வரை மட்டும், பத்தி 8 காண்க),
சலவை ஆலை ஒன்பதின்மர் நினைவு மற்றும் சமூக நீதி அமைப்பு (பதிவு ஆகவில்லை),
படச்சட்டக் கடையின் மாடி.

பெறுநர்
சங்கங்களின் பதிவாளர் அவர்கள்,
சங்கப் பதிவு அலுவலகம்,
முதல் தளம்.

பொருள்: எங்கள் அமைப்பின் பதிவு விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டமை – புகார் – புகார் யார் மீது என்பதில் திருத்தம் – விண்ணப்பத்தை மீண்டும் ஏற்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் குறிப்பாணை, சென்ற மாதம் 12ஆம் தேதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இந்த மனுவை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்த மூன்றிலும் தங்கள் அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னல் எழுத்தர் அம்மையார் மீது கடுமையாகப் புகார் சொல்லியிருந்தேன். இது நான்காவது. இதில் அவர் மீது புகார் எதுவும் இல்லை என்பதை அவருக்குத் தெரிவித்தால் நன்று. அன்று ஜன்னல் முன் நின்று நான் போட்ட கூச்சலில் அவர் கையிலிருந்த தேநீர் சிந்தியது.

2. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஆற்றோரச் சாலையில் இருந்த நீராவிச் சலவை ஆலையில் கொதிகலன் வெடித்து, இஸ்திரிக் கூடத்தில் ஒன்பது பெண்கள் இறந்தார்கள். அன்று அந்தக் கூடம் மூடியிருந்தது என்றும், அவர்கள் வேலைக்கு வரவில்லை என்றும், பின்வாசல் வழியாக அனுமதியின்றி நுழைந்து சொந்தத் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் நிர்வாகம் சொன்னது. வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு விசாரணையும் அப்படியே முடிந்தது. இன்றுவரை அரசுப் பதிவில் அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள்தான். ஆலை இருந்த இடத்தில் இப்போது நகராட்சி பூங்கா அமைக்கிறது. வாசலில் நடப்போகும் கல்லில் என்ன பொறிக்கலாம் என்று இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்கலாம்; ஆனால் பதிவு பெற்ற அமைப்புகள் மட்டுமே கொடுக்கலாம். அந்தக் கல்லில் ஒன்பது பெயர்களும் ஏற வேண்டும் என்பதற்காகவே எங்கள் அமைப்பைத் தொடங்கினோம். நானும் அந்த ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தவன்.

3. தொடங்கிய விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் மனுவில் உண்மை இருக்க வேண்டும். முதலில் ரப்பர் முத்திரை செய்தேன். பிறகு "நிறுவனத் தலைவர்" என்று அச்சிட்ட முகவரி அட்டை இருநூறு. பிறகு பதாகை. அதில் என் படம் ஆளுயரத்துக்கும், "நினைவு" என்ற சொல் அதற்கு மேலேயும், ஒன்பது பெண்களைப் பற்றிய வரி என் செருப்புக்குக் கீழேயும் அமைந்துவிட்டன. தெருமுனையில் கட்டிய மறுநாள் எதிர்வீட்டுக்காரர் வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா ஆச்சு? நல்ல மனுஷன்" என்று கண் கலங்கினார். நான் உள்ளறையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். பதாகையை அன்றே கழற்றிவிட்டோம். என் மனைவி அமைப்பின் செயலாளர் என்பதால் இதைக் கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றியே தீருவேன் என்று ஏற்றிவிட்டார்.

4. விதிப்படி ஏழு உறுப்பினர்கள் வேண்டும். சமூக நீதிக்காக உயிரையே கொடுப்பேன் என்று மேடையில் சொன்ன பலரும் கையெழுத்துக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்கள். மிஞ்சியது ஆறு பேர்: நான், என் மனைவி, ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார், படச்சட்டக் கடைக்காரர், என் மைத்துனர், அவர் மனைவி. கடைசி இருவரும் விருந்துக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள். அப்போதுதான் வாத்தியார் எழுந்து, மறக்கப்பட்டவர்களே நம் முதல் உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. மேஜையைத் தட்டினேன், தட்டியதில் மை கொட்டியது. உறுப்பினர் உயிரோடு இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று வாத்தியார் இரண்டு முறை புரட்டிப் பார்த்து உறுதி சொன்னார். "உயிரோட இருக்கறவங்களே கிடைக்கல. செத்தவங்கள ஏங்க இழுக்கறீங்க?" என்று செயலாளர் கேட்டது குறிப்பேட்டில் உள்ளது. ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் தோற்றார்.

5. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ஊரில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர். ஒன்று முதல் ஒன்பது வரை அந்தப் பெண்களின் பெயர்கள், பத்து முதல் எங்கள் பெயர்கள். வயது என்ற கட்டத்தில் இறந்தபோது இருந்த வயதா, இருந்திருந்தால் இப்போது ஆகியிருக்கும் வயதா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம். கையொப்பம் என்ற கட்டம் வந்தபோது யாரும் சண்டை போடவில்லை. பேனா ஓடியபடியே ஒன்பது கட்டங்களிலும் "வரவில்லை" என்று எழுதிவிட்டேன்.

6. மூன்றாம் ஜன்னல் அம்மையார் அதைப் படித்துவிட்டு, "சார், இவங்க எப்ப வருவாங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் வரலாறு, மறதி, அதிகாரம் என்று நீளமாகக் கத்தினேன். வரிசையில் நின்றிருந்த ஒருவர் கைகூடத் தட்டினார். பத்து நாளில் குறிப்பாணை வந்தது: "வரிசை எண் 1 முதல் 9 வரையிலான உறுப்பினர்கள் நேரில் வராத காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும். அவர்களின் கையொப்பத்துடன் விண்ணப்பத்தை மீண்டும் அளிக்கவும்." இதை ஒரு வாரம் ஊரெல்லாம் காட்டிச் சிரித்தேன். அரசாங்கம் செத்தவர்களைக் கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறது என்று சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

7. சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். உயிருள்ள ஏழாவது ஆள் வேண்டும், இறந்தவர்களின் குடும்பத்தில் கேட்கலாம் என்று செயலாளர் சொன்னார். இதை முதலிலேயே ஏன் செய்யவில்லை என்றும் கேட்டார். நான் ஏதேதோ சொல்லி மழுப்பினேன். ஒன்பது பேரில் ஒருவரின் மகள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறார். ஆலை வெடித்தபோது அவருக்கு ஆறு வயது. நாங்கள் போனபோது ஒரு பள்ளிச் சீருடைக்குக் கை இணைத்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தையும் குறிப்பாணையையும் நீட்டி என் நகைச்சுவையைச் சொன்னேன். அவர் தாயின் பெயருக்கு நேரே விரலை வைத்து, "எங்கம்மா வரலைன்னு யார் எழுதினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் விரலை எடுக்கவில்லை. என் வாயிலிருந்து அடுத்ததும் வந்துவிட்டது: "அப்பவும் நான்தாம்மா." அவர் அந்தத் தையலை முடித்து நூலைக் கத்தரித்தார். என் மனைவிக்கும் அன்றுதான் தெரியும். திரும்பி வரும்போது பேருந்தில் அவர் வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

8. ஆகவே குறிப்பாணை கேட்ட காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கிறேன். அப்போது எனக்கு வயது இருபத்துமூன்று. நேர அலுவலகத்தில் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. கொதிகலனை நிறுத்தி வைக்கும்படி ஆய்வாளர் ஆணையிட்டிருந்த வாரம் அது. மருத்துவமனைப் போர்வைகள் குவிந்துவிட்டதால் முதலாளி இஸ்திரிக் கூடத்தைச் சத்தமில்லாமல் ஓட்டச் சொன்னார். ஒன்பது பேரும் காலை ஏழு மணிக்கு என் மேஜை முன் வரிசையில் நின்று பதிவேட்டில் கையெழுத்தோ ரேகையோ வைத்து உள்ளே போனார்கள். பத்தே காலுக்கு வெடித்தது. மதியத்துக்குள் மேலாளர் வந்து, "அந்தப் பக்கத்தக் கிழிச்சு பாய்லர்ல போடு. புதுசா எழுது. இன்னிக்கு அவங்க வரல" என்றார். போடுவதற்கு ஏது பாய்லர் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது கட்டங்களில் "வரவில்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து நடுங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு தலைமை எழுத்தர் ஆனேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நினைவுக்கும் நீதிக்கும் நானே நிறுவனத் தலைவரும் ஆனேன். தையற்காரர் ஏழாம் ஆளாகக் கையெழுத்திடச் சம்மதித்தது இரண்டு நிபந்தனைகளின் பேரில்: நான் தலைவராக இருக்கக் கூடாது, விலகி ஓடவும் கூடாது. "உறுப்பினரா இருங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் மொதல்ல நீங்க எழுந்து இதச் சொல்லணும்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

9. எனவே, தையற்காரரைத் தலைவராகவும் என்னைக் கடைசி உறுப்பினராகவும் கொண்டு, உயிருள்ள ஏழு பேரின் கையொப்பத்துடன் புதிதாக இணைத்துள்ள விண்ணப்பத்தை முப்பதாம் தேதிக்கு முன் பதிவு செய்து தருமாறு பணிந்து வேண்டுகிறேன். இந்த மனுவை விண்ணப்பத்திலிருந்து பிரிக்காமல் கோப்பில் வைக்க வேண்டும். யார் நகல் கேட்டாலும் இதையும் சேர்த்துத் தர வேண்டும். பொய்ப் பதிவு எழுதியதற்காக என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் எதிர்வாதம் செய்ய மாட்டேன்.

10. மேலாளர் எரிக்கச் சொன்ன பக்கத்தை நான் எரிக்கவில்லை. இதை வீரம் என்று எண்ணிவிட வேண்டாம். பிற்பாடு பழி என் மேல் திரும்பினால் என்னைக் காத்துக்கொள்ள உதவும் என்று ஒளித்து வைத்தேன். அதன் அசலை இத்துடன் இணைத்துள்ளேன். ஒப்புகைச் சீட்டைத் தலைவர் பெயருக்கு வழங்கவும். அந்தப் பக்கத்தில் ஐந்து கையெழுத்துகளும் நான்கு கைரேகைகளும் உள்ளன. வரிசை எண் 1 முதல் 9 வரை தாங்கள் கேட்ட கையொப்பங்கள் அவையே. அவர்கள் வந்திருந்தார்கள், ஐயா.

நாள்: 26ஆம் தேதி, திங்கட்கிழமை
இடம்: தங்கள் அலுவலகத்தின் காத்திருப்பு பெஞ்சு

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஏழாம் உறுப்பினர்,
முன்னாள் நேர எழுத்தர், நீராவிச் சலவை ஆலை.