அப்பா நுழைந்த மூன்று படங்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்ல, உன் தங்கை எழுதுவது. என் வலது கையையும் உன் அப்பாவின் கோபத்தையும் தள்ளிவைத்துப் பார்த்தால் இங்கே எல்லோரும் சுகம்தான், நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பியே ஆரம்பிக்கிறேன். அப்பாவின் போட்டோ ஸ்டுடியோ வாசலில் ஈரப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு விரிசல் விட்டு மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை, கரண்டி பிடிக்க முடியாததால் சமையல் இப்போது அப்பா பொறுப்பு, பயப்படுவதென்றால் அதற்குப் பயப்படு. (அக்கா, இது நான், வாலு. அம்மா சொல்வதில் ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அடைப்புக்குறிக்குச் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. அப்பா வடித்த சோற்றில்தான் இந்த உறையை ஒட்டப் போகிறேன், நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் யாருக்கும் பிடிக்கவில்லை.) போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் அடித்தாலே உன் அப்பா எங்கிருந்தாலும் ஓடிவந்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொள்கிறார், அவரைப் பற்றியே பேச வேண்டியிருக்கும்போது நான் எங்கே போய்ப் பேசுவது.

நாங்கள் மூன்று பேரும் அங்கே வந்து குடியேற நீ ஸ்பான்சர் போட்டதும் அதற்கப்புறம் காகிதம் வந்ததும் போனதும் உனக்குத் தெரியும், தெரியாதது விசா நேர்காணலன்று நடந்தது. உன்னோடு நாங்கள் இருக்கும் பழைய படங்கள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள் அல்லவா, அலமாரியைக் கவிழ்த்தால் ஒரு மூட்டை படம் இருக்கிறது, ஒன்றில்கூட உன் அப்பா இல்லை. எப்படி இருப்பார், எடுத்ததெல்லாம் அவர்தானே. உன் கல்யாணத்துக்காவது வேறு ஆளை வைக்கலாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், "என் பொண்ணு கல்யாணத்தை இன்னொருத்தன் ஆட்டி ஆட்டி எடுக்கறதைப் பார்த்துட்டு நிக்கணுமா" என்று புதுச் சட்டையோடு நாற்காலி மேல் ஏறி நின்று அவரே எடுத்தார். (ஊரில் எல்லோருக்கும் முகம் எடுத்துக் கொடுத்தவருக்கு முகவரி இருக்கிறது, முகம் இல்லை.) நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, "விடு, நான் பாத்துக்கறேன்" என்று கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். எழுந்து வந்தபோது மூன்று படங்களில் அவர் இருந்தார். நீ முதல்நாள் பள்ளிக்கூடம் போகிற படத்தில் உன் பையைத் தூக்கிக்கொண்டு, கடற்கரையில் உனக்கும் எனக்கும் நடுவில், கல்யாணத்தில் மாப்பிள்ளை தோளில் கை போட்டுக்கொண்டு. மீசையைக் கறுப்பாக்கி, வயிற்றை உள்ளே தள்ளி, தரையில் நிழல்கூட விழவைத்திருந்தார். எனக்கே அன்றைக்கு அவர் அங்கே நின்ற மாதிரிதான் இருந்தது. அதில் தப்பு இருக்கிறது என்று சத்தியமாக யாருக்கும் தோன்றவில்லை கண்ணு, செத்துப்போன அப்பாவை மகன் கல்யாணப் படத்தில் சேர்த்துக் கொடுங்கள் என்று கடைக்கு வருவார்கள், இவர் சேர்த்துக் கொடுப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் போவார்கள், நாம் பார்த்துப் பழகியது அதுதானே.

விசாரித்த அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும், தன்மையாகத்தான் பேசினாள். படங்களைப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள், மூன்றிலும் உங்கள் சிரிப்பு ஒரே மாதிரி இருக்கிறதே என்று உன் அப்பாவிடம் சொன்னாள். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன், உறைக்கவே இல்லை. தொழிலைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு முகமெல்லாம் பல்லாக, "நான்தாம்மா போட்டேன், ஒட்டுன இடம் தெரியலல்ல? வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வருது பாருங்க, அதான் நிழலை இந்தப் பக்கம் தள்ளினேன்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பாடமே எடுத்துவிட்டார். (வெறும் பேச்சில் படம் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நிஜமாகவே படம் காட்டி மாட்டிக்கொண்டவரை அன்றுதான் பார்த்தேன்.) அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். வெளியே வந்ததும் "நல்ல பொண்ணு, எவ்வளவு பொறுமையா கேட்டா" என்கிறார்.

இப்போது பதில் வந்துவிட்டது. எனக்கும் சின்னவளுக்கும் சம்மதம், அப்பாவுடையதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜோடித்த படம் கொடுத்ததால் அவருடைய மற்ற காகிதங்களையும் நம்ப முடியாதாம், நீ அவர் மகள்தான் என்று டி.என்.ஏ. பரிசோதனை செய்து காட்ட வேண்டுமாம், நீ அங்கே கொடுக்க வேண்டும், அவர் இங்கே. கன்னத்துக்கு உள்ளே பஞ்சால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் என்று கட்டுப் போட்ட நர்ஸ் சொன்னாள். உன் அப்பா ஒரே பிடியாக மாட்டேன் என்கிறார், "காய்ச்சல்ல கெடந்தப்ப தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது நான், இப்ப என் எச்சில் வந்து சாட்சி சொல்லணுமா" என்கிறார். அவர் மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் சின்னவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள், அடுத்த பிறந்தநாளோடு அவளைக் குழந்தை என்று சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். (உலகத்திலேயே என்னைக் குழந்தை என்று சொன்ன ஒரே ஆபீஸ் அது.) நாங்கள் இருவரும் கிளம்பினால் அவர் இங்கே ஒண்டியாக.

என் குழப்பம் அதுகூட இல்லை. அவர் மனசு நொந்துபோய் மாட்டேன் என்கிறாரா, வர இஷ்டம் இல்லாமல் இதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டாரா என்பதே பிடிபடவில்லை. காலையில் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டுகிறார், மத்தியானம் கடைக்குப் புது விளக்கு வாங்கிவந்து மாட்டுகிறார். கடையை எப்போது காலி பண்ணுவீர்கள் என்று கட்டடச் சொந்தக்காரர் கேட்டால் "யார் சொன்னது" என்கிறார், விளக்கு விற்றவன் உத்தரவாதச் சீட்டு நீட்டினால் "நான் இங்க இருந்தாத்தானே" என்கிறார். வருகிறீர்களா இல்லையா என்று நேராகவே கேட்டேன், "நீ போறியா இல்லையா, அதை மொதல்ல சொல்லு" என்றார். உன்னை நினைத்தால் இந்தக் கட்டோடு ஓடிவந்துவிடலாம் போல இருக்கிறது, இவரை நினைத்தால் கால் எழவில்லை. நீ அங்கே பரிசோதனைக்குக் கொடுத்துவிடாதே, நீயும் சந்தேகப்பட்டாய் என்று நினைத்துவிடுவார், கொடுக்காமலும் இருந்துவிடாதே, கெடு போய்விடும். (ஆமாம் அக்கா, இப்படியேதான் சொன்னாள், திரும்பக் கேட்டேன், இதையே திரும்பச் சொன்னாள்.)

யோசித்து யோசித்து ஒன்று தோன்றியிருக்கிறது. சின்னவளை முதலில் தனியாக அனுப்பிவைக்கிறேன், அங்கே உன்னோடு இருந்து படிக்கட்டும், நான் இவரோடு இருந்து இவர் மனசு இளகியதும் கூட்டிக்கொண்டு வருகிறேன், இளகாவிட்டால் நானும் இங்கேயே இருந்துவிடுகிறேன். அப்படி அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று விசாரித்து உடனே எழுது. (எழுதிட்டியா, படிச்சுக் காட்டு என்றாள். படித்துக் காட்டினேன்.) சின்னவளுக்கு வாய்தான் நீளம், பசி தாங்க மாட்டாள், கோபித்துக்கொண்டு படுத்தால் ஒரு முறை கூப்பிட்டால் வரமாட்டாள், இன்னொரு முறை கூப்பிட வேண்டும்.

நீ வேலைக்குப் போகும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே, மாப்பிள்ளையிடம் எங்கள் விஷயத்தை வைத்து முகம் கோணாதே, அவர் என்ன செய்வார் பாவம். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், நான் கேட்பதெல்லாம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் படம் என்ற பேச்சையே எடுக்காதே, மறந்துவிடாதே.

இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போடும்
உன் அம்மா

(அக்கா, அம்மா முகம் கழுவப் போயிருக்கிறாள், அவசரமாக எழுதுகிறேன். மேலே விசாரிக்கச் சொன்னதை விசாரிக்காதே. அப்படி ஒரு வழியே கிடையாது என்று பதில் எழுது, இருந்தாலும் கிடையாது என்றே எழுது. அங்கே வர ஆசையா என்றால் ரொம்ப ஆசைதான், அப்புறம் ஏன் அந்த வரியை மட்டும் அவ்வளவு வேகமாகப் படித்துத் தாண்டினேன் என்று தெரியவில்லை. அந்தப் பஞ்சுக்கு அப்பாவை வாயைத் திறக்க வைப்பது என் பாடு, எனக்குக் கொஞ்சம் நாள் மட்டும் வாங்கிக் கொடு. அம்மாவுக்கு அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவளுக்கு நீ சொல்வதுதான் சட்டம்.)