மணி பத்து, உயிரோட கீறேன்

பாய், உங்கள் சிலேட்டை இன்று பரணிலிருந்து இறக்கினேன். நீங்கள் மவுத்தானபோது உங்கள் வீட்டம்மா என்னிடம் கொடுத்தது. சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

காலையில் தெருமுனைக் கடையில் ‘குடிதண்ணீரில் விஷமா?’ என்று பேப்பர் போஸ்டர் தொங்கியது. அவ்வளவுதான், ராயபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் பிடித்து வைத்த குடங்களையெல்லாம் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார்கள். பிள்ளைகள் தாகத்தில் அழுதன.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் உங்கள் பெட்டிக்கடையிலும் ஒன்று தொங்கியதே, ‘மீன் தின்றவர்கள் சாவு’ என்று. அதற்குப் பிறகு ஈயைத் தவிர யாரும் என் மீன்கூடைப் பக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போய்ப் பிடித்து வந்ததை மூன்று நாள் மணலில் புதைத்தோம். நாலாம் நாள் பானையில் அரிசி இல்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாமல், அன்றைய மீனோடு நேரே உங்கள் கடைக்கு வந்து கூடையைத் தொப்பென்று இறக்கினேன்.

“இன்னா பாய், என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு குந்திகினு கீறியே. உள்ள இன்னா எழுதிகீதுன்னு படிச்சியா?”

“நான் மாட்றவன் தங்கச்சி, படிக்கிறவனா?” என்றீர்கள். சொன்னதும் உங்களுக்கே வெட்கமாகிவிட்டது. பழைய பேப்பரைத் தேடியெடுத்து, விரல் வைத்துக் கடைசி வரி வரை படித்தீர்கள். எங்கோ தூரத்து ஊரில், ஒரு கல்யாண வீட்டில், மழையில் நனைந்து கெட்டுப்போன கருவாடு. சேதி அவ்வளவுதான்.

நாம் சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்கள் என் கூடையிலிருந்து இரண்டு சங்கரா மீனை எடுத்து வறுக்கச் சொல்லி, கடை வாசலில் ஸ்டூல் போட்டு, தெருவே பார்க்க, முள் மட்டும் மிஞ்சும்படி தின்றீர்கள். பிறகு ‘சோடா இல்லை’ என்று எழுதியிருந்த சிலேட்டை அழித்து, போஸ்டருக்குக் கீழே மாட்டினீர்கள்: ‘மணி பத்து. உயிரோட கீறேன்.’

மணிக்கொரு தரம் அழித்து எழுதினீர்கள். ஹார்பர் வேலைக்காரர்கள் நின்று சிரித்தார்கள்.

“இன்னும் போவலியா பாய்?”

“சாயங்காலமா வா. அப்பவும் கீறேன்.”

பன்னிரண்டு மணி எழுதியபோது ஒரு கிழவி முதல் மீனை எடுத்தாள். ஒரு மணிக்குக் கூடை காலி. அன்று என் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

பயமாயில்லையா என்று மறுநாள் கேட்டேன். “பயந்தான் தங்கச்சி. மொத வாய் வைக்கச்சொல்ல கலிமா சொல்லிகினேன். மாட்னவன் நானாச்சே, நான்தானே துன்னணும்” என்றீர்கள். போஸ்டரைவிட அந்தப் பயம்தான் பாய் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இன்று நானும் பேப்பரைக் கடைசி வரி வரை படித்தேன். ஏதோ ஓர் ஊரில் பாழுங்கிணறு ஒன்றின் மேல் சந்தேகமாம். நம் குழாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாசலில் நின்று ஒரு சொம்பு தண்ணீரை முழுசாகக் குடித்தேன். யேசுவே என்று சொல்லிக்கொண்டுதான் குடித்தேன். ‘மணி எட்டு. உயிரோட கீறேன்’ என்று எழுதி மாட்டினேன். எழுத்து கோணலாகிவிட்டது.

எதிர்வீட்டுப் பெண் சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இப்போது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள். ஒன்பது மணிச் சங்கு ஊதுகிறது பாய். நான் போய் அழித்து எழுத வேண்டும்.