அக்காவின் கணினியில் நான் அழித்தது

அன்புள்ள மச்சான்,

ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆள் இருந்தபோது பேசாதவன் போன பிறகு பேசுகிறானே என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். ‘அன்புள்ள’ என்று எழுதவே கை கொஞ்சம் தயங்கியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள் கல்யாணத்தில், மண்டபத்துக் கணினியில் படக்காட்சிக்கான மென்பொருளை நிறுவ நான்தான் முன்வந்தேன். பாதியில் நின்றுவிட்டது. நீங்கள் மேடையிலிருந்து இறங்கி வந்து, திரையை ஒரு பார்வை பார்த்து, இரண்டே நிமிடத்தில் ஓட வைத்தீர்கள். அதோடு போயிருக்கலாம். கையில் மைக் இருந்தது.

“நம்ம டிகிரி மச்சினன், என்ன எழுதியிருக்குன்னே பாக்காம ஓகே ஓகேன்னு அமுக்கிட்டாரு லா! பரீட்சையும் இப்படித்தான் எழுதினாரோ என்னவோ!”

மண்டபமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பொறியாளன். நீங்கள் லோரி ஓட்டிக்கொண்டே தானாகக் கணினி கற்றுக்கொண்டவர். அன்றோடு சுங்கை பினாங்கில் உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினேன். “மச்சானுக்கும் மச்சினனுக்கும் இல்லாத கேலியா?” என்று அக்கா எத்தனை தடவை கேட்டார். கேலிக்கு ஓர் அளவு வேண்டாமா?

நீங்கள் இறந்த செய்தி கேட்டுத்தான் மறுபடி அந்த வாசலை மிதித்தேன்.

அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். தைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் வாங்கிக் கொடுத்த பூத்தையல் இயந்திரம்தான் அவருக்குப் பிழைப்பு. ரவிக்கை முதுகில் மயில் வேண்டுமென்றால் முதலில் கணினியில் மயிலை வரைந்து இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினான்கு ரவிக்கை, சனிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். போன திங்கட்கிழமை அந்த வரையும் மென்பொருள் திறக்கவில்லை. ‘சாவியைக் காணவில்லை’ என்றது. கணினியில் சொருகி வைத்திருக்கிறீர்களே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பச்சைச் சாவி, அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். அது கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

“ரோசாக் ஆயிருச்சா தம்பி?” என்றார் அக்கா. கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று நாம் மலாயை விட்டுத் தமிழில் எப்போது சொன்னோம்?

“நான் பாத்துக்கிறேன்க்கா.”

“இல்ல, அவரு இதுக்குன்னு என்னமோ எழுதி...”

“அக்கா, நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல?”

நான் செய்த முதல் காரியம் அந்த மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கியதுதான். நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினால் சரியாகிவிடும் என்பது எல்லாரும் சொல்வது. நீக்குவது ஒரு நிமிடத்தில் முடிந்தது. நிறுவ முடியவில்லை. பாதி தூரம் போய், தற்காலிகக் கோப்புறையில் எழுத முடியவில்லை என்று நின்றது. அந்தக் கோப்புறையின் முகவரியில் ஓரிடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஏதோ குப்பை என்று கடந்துபோனேன். வைரஸ் காவலை நிறுத்திப் பார்த்தேன். நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் பார்த்தேன். புதிய பிரதியை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே கேள்விக்குறிகள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா துணியை வெட்டி வைத்துவிட்டு எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். திரையையும் நாள்காட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்விட்டுக் கேட்டிருந்தால் தேவலை. சாவியே போலியாக இருந்தால் நான் என்ன செய்ய முடியும் என்று தோன்றியது. கைப்பேசியை எடுத்து நம் குடும்பக் குழுவில் எழுதினேன்: ‘மச்சான் போட்டு வைத்திருந்தது திருட்டுப் பதிப்பு. இப்போது அக்கா பிழைப்பு நிற்கிறது.’

பெரியப்பா ஓர் ‘ஐயோ’ போட்டார். கோலாலம்பூரிலிருந்து உங்கள் மகள் அதைப் படித்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் அம்மாவைக் கூப்பிடுகிறவள் அன்று கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

புதன்கிழமை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு கட்டிக்கொண்டு போனேன். அக்கா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

“அவரு திருடன்னு போட்டுட்டியே.”

“அக்கா, அது இல்லாம வேற என்ன...”

“அந்த செட்டப் இருக்கிற இடத்துலயே ‘முதலில் படி’ன்னு ஒண்ணு இருக்கும் பாரு. அதைத் திறந்தியா?”

இருந்தது. மூன்று நாளும் என் கண்முன்னேதான் இருந்தது. எல்லா மென்பொருளோடும் வரும், யாரும் படிக்காத கோப்பு என்று நினைத்திருந்தேன்.

“மொத நாளே ஏன்க்கா சொல்லல?”

“நீ எங்க வாயத் தொறக்க வுட்ட?”

நீங்கள் லோரியில் வெளியூர் போகும் நாட்களுக்காக அக்காவுக்கு எழுதி வைத்தது. அப்படியே தருகிறேன்:

‘சாவி தெரியலன்னா பயப்படாதே. முன்னால சொருகினதை எடுத்துப் பின்னால சொருகு, வந்துடும். புரோகிராமை மட்டும் அழிக்காதே. அழிச்சா திரும்பப் போடுறது கஷ்டம். இந்தக் கணினியில உன் பேரு தமிழ்ல இருக்கு, கோப்புறை முகவரியிலயும் அதுதான் வருது. இந்த செட்டப்புக்கு நம்ம எழுத்து தெரியாது, முழிக்கும். கீழே சொன்ன மாதிரி வேற கோப்புறைக்கு வழி மாத்திட்டுப் போடு. பேரை மாத்தினா தேவலதான், வேணாம். உன் தம்பி ஆசையா வச்சது. அவன்கிட்ட இதைச் சொல்லாதே, மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்.’

கணினி வந்த நாளில் முதலில் உட்கார்ந்தது நான்தான். பயனர் பெயர் கேட்டபோது, நம் மொழியில் இருக்கட்டும் என்று அக்காவின் பெயரைத் தமிழில் தட்டினேன். நீங்கள் பக்கத்தில் நின்று “சபாஷ்” என்றீர்கள். அந்தக் கேள்விக்குறிகள் அக்காவின் பெயர்.

கீழே எழுதியிருந்தபடி செய்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சாவியைப் பின்பக்கம் சொருகினேன், திறந்தது. அசல் பதிப்பு, முறையான பதிவோடு. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பாமலே முதல் ரவிக்கையை வைத்தார். இப்போது ஆறு முடிந்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் மீதியும் முடிந்துவிடும் என்கிறார்.

என்னைத் தூங்கவிடாதது அந்தக் கோப்பின் தேதி. கல்யாணத்துக்கு ஒரு வருடம் முந்தியது. அப்படியென்றால் அன்றைக்கு மைக்கைப் பிடித்தபோது இது உங்களுக்குத் தெரியும். ‘இவர் செய்த வேலையால் என் வீட்டுக் கணினியிலேயே ஒன்றைப் போட முடியவில்லை’ என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். சொல்லவில்லை. ஏன் மச்சான்? சின்னக் கல்லை எறிந்துவிட்டுப் பெரியதை எதற்குப் பையில் வைத்துக்கொண்டீர்கள்? நான் அந்தச் சின்னதையே ஏழு வருடம் தடவிக்கொண்டிருந்தேன்.

மைக் விஷயத்தை மன்னித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அது தப்புத்தான். ஆனால் திருடன் என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அதுவும் பதில் சொல்ல முடியாத ஆளைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வீட்டில் படையல். உங்கள் மகளும் வருகிறாள், பிறகு அம்மாவைக் கூப்பிட்டு அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, அழித்தது நான், தமிழில் பெயர் வைத்தது நான், பழியைப் போட்டதும் நான் என்று என் வாயால் சொல்வேன். சத்தியம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நம் வட்டாரத் தமிழர் பக்கத்தில் போடுகிறேன். கீழே ‘உங்கள் மச்சினன்’ என்று எழுதி என் பெயரையும் சேர்த்தேன். பெயரைப் பார்த்தால் நாலு பேர் கூப்பிட்டு, எவ்வளவு பெரிய மனசு உனக்கு என்பார்கள். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்யும், என்னை எனக்குத் தெரியும். இரண்டையும் அழித்துவிட்டேன். கையெழுத்தில்லாமலே போகட்டும்.