விறகு பொறுக்கப் போனவளுக்கு

எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் விறகுக்கட்டின் வாசனை கையை விட்டுப் போகவில்லை, அம்மா. நேற்று நம் சபையில் அறுப்புப் பண்டிகை ஏலம். ஏலத்தோட்டத்து ஆட்களுக்கு ஏலம் புதிதா என்ன? பூசணி, வாழைத்தார், கோழி என்று ஆளாளுக்குப் படைத்தார்கள். நான் விறகு படைத்தேன். உன்மேல் விழுந்த அதே கொப்பை வெட்டிக் கட்டியது.

காற்று காலத்தில் நிழல் மரங்கள் முறிந்து விழும் என்று சாந்தன்பாறைப் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கொப்பு விழுந்த அன்று சூப்பர்வைசரிடம், "காத்து பெருசா இருக்கு சார், அவதி தாங்க" என்று நீ கெஞ்சியதைக் கூட ஏலக்காய் எடுத்த பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. தமிழில் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ கேட்டது மலையாளம், கிடைத்தது தமிழ்.

வேலை நேரத்தில் கொப்பு விழவில்லை, வேலை முடிந்தபின் நீயாக விறகு பொறுக்கப் போனாய் என்று விசாரணையில் சொன்னார் அவர். தோட்டம் கொடுத்த லயத்து வீடு போய்விடுமே என்று அந்தப் பெண்களுக்கெல்லாம் காது அடைத்துக்கொண்டது. உன் பெட்டிக்கு முதல் மாலை போட்டவரும் அவர்தான். அதற்கப்புறம் அவருக்கு ஏறுமுகம். புது ஜீப் வந்தது, சபையில் முன்வரிசை நாற்காலி வந்தது.

நீ இருந்தபோதே அவர் பூட்ஸுக்குள் அட்டைப்பூச்சி போடத் திட்டம் போட்டவள் நான். "ஏட்டி, அவனயே பாத்துட்டு நிக்காத. கர்த்தர் பாத்துக்குவாரு" என்றாய். ஊரையெல்லாம் பார்த்துவிட்டு வரட்டும், நம் லயம் கடைசியில்தானே இருக்கிறது என்றேன். கரண்டியை ஓங்கினாய். அட்டையாவது வயிறு நிறைந்தால் விழுந்துவிடும் அம்மா.

நேற்று உபதேசியார் விறகுக்கட்டைத் தூக்கிக் காட்டி, யார் படைத்தது என்று கேட்டார். எழுந்து நின்றேன்.

"எங்கம்மா பொறுக்கப் போன விறகு, ஐயா. எங்க கெடந்துச்சின்னு சாருக்குத்தான் தெரியும்."

சூப்பர்வைசர் முகம் செத்துப்போவதைப் பார்க்கக் காத்திருந்தேன். ஒரு மயிரிழை அசையவில்லை. கோழிக்குக்கூட யாரும் கேட்காத விலையைத் தானே கேட்டார். தாயில்லாப் பிள்ளை, பாவம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உன் கெஞ்சலைக் கேட்ட கைகளும் தட்டின. உபதேசியார் அவர் குடும்பத்துக்காக ஜெபித்தார். படைத்தவரே வாங்கியவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கமல்லவா, சுமந்துபோய் ஜீப்பில் வைத்தேன். என் தலையைத் தடவிக்கொண்டே, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"அடுத்த வருசமும் கொண்டு வா, என்ன."

வீட்டுக்கு வந்து அடுத்த வேட்டுக்குத் திட்டம் போட்டேன். அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஜீப் எந்த வளைவில் கியர் மாற்றும், எந்த முழங்கால் வலிக்கும், எல்லாம் மனப்பாடம். அவர் மாடு செத்த அன்று கடலை மிட்டாய் வாங்கித் தின்றவள் நான். நடுவில் உன் நினைப்பு வந்தது. நீ சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். உனக்கு ஒரு பல் உடைந்திருக்கும். எந்தப் பக்கம்? வரவில்லை அம்மா. அவர் முகம்தான் வந்தது. உன் இடத்திலும் அந்த ஆளையே உட்கார வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தங்கம் அக்காவிடம் ஓடிக் கேட்டேன். கை தட்டியவர்களில் அவளும் ஒருத்தி. என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இடது பக்கம், புள்ள."

இன்று காலை ஜெபத்தில் கர்த்தரிடம் சொல்லிவிட்டேன். அந்த ஆளை நீரே வைத்துக்கொள்ளும், ஏதாவது செய்வீரோ மாட்டீரோ, அது உம் பாடு, இனி நான் எட்டிப் பார்க்கமாட்டேன் என்று. மன்னித்துவிட்டதாக நினைத்துவிடாதே. இரண்டு பேருக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

இடது பக்கம். நீ சிரித்துக்கொண்டே பேசும்போது 'ச' எல்லாம் அந்த இடுக்கில் விசிலாக வரும்.