அட்டையில் இரண்டு, திரையில் 1.81

12, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு வரவில்லை.

இன்றைய வேலை: குழந்தை பனியன் நாற்பது பெட்டி பாக்கி. டேப் ரோல் தீர்ந்தது, ஸ்டோரில் சொல்ல. புது ஹார்டு டிஸ்க்.

பழைய ஹா.டி. நாலு நாளாக டிக் டிக்கென்று சத்தம். பேக்கிங் வீடியோ முழுக்க அதில்தான். எந்த மூட்டையில் எத்தனை போட்டேன் என்பதற்கு எனக்கு அதுதான் சாட்சி. போன தீபாவளிக்கு அந்த இந்தூர் கடைக்காரர் பேசிய பேச்சுக்குப் பிறகு, ஒரு மூட்டையைக்கூட வீடியோ எடுக்காமல் நான் கட்ட விட்டதில்லை.

மதியம் ரியாஸ் தம்பி கடைக்குப் போய் வாங்கி வந்தேன். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் சாமான் எல்லாமே அங்கேதான். அட்டையில் கொட்டை எழுத்தில் 2 TB. கம்ப்யூட்டர் பார்க்கும் கவிதா மாட்டினாள்.

"அக்கா, இதுல 1.81 தானுங்க காட்டுது."

"எத்தனை?"

"ஒன்னு புள்ளி எட்டு ஒன்னுங்க்கா."

இன்னும் ஒன்றுமே ஏற்றவில்லை! நூற்றுக்கு ஒன்பது காணோம். சாயப்பட்டறைக்குப் போன துணி எடை குறைந்து வரும், ஒத்துக்கொள்கிறேன். அது வெந்து, அலசி, காய்ந்து வருகிறது. இதை என்ன சாயத்திலா முக்கினார்கள்? சீல் பிரிக்காத டப்பா!

13, செவ்வாய்

வெயில். சாப்பாட்டு நேரத்தில் நேரே கடைக்கு.

"ஏனுங் தம்பி, ரெண்டுன்னு சொல்லிப்போட்டு ஒன்னே முக்காலக் குடுத்தா என்னுங்க அர்த்தம்?"

கடையில் ஆறேழு பேர். ரியாஸ் எழுந்து நின்றுவிட்டார். "அக்கா, எந்த டிஸ்க்கா இருந்தாலும் அப்படித்தானுங்க காட்டும். சித்த உக்காருங்க, சொல்றேன்."

எல்லாமே அப்படித்தானாம்! என் காதில் பூ சுற்றப் பார்க்கிறார். ஊரே எடை குறைத்தால் அது சரியாகிவிடுமா? உட்காரவில்லை. எடை குறைந்தால் சாயப்பட்டறைக்கு அனுப்புகிற ஷார்ட்டேஜ் சீட்டிலேயே எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பொருள்: ஹார்டு டிஸ்க். சொன்னது 2. வந்தது 1.81. குறைவு 0.19. சீல், கையெழுத்து.

மனம் ஆறவில்லை. பேக்கிங் லேடீஸ் குரூப்பில் போட்டேன். திருப்பூரில் பாதி கம்பெனி சூப்பர்வைசர்கள் அதில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ எடுத்து, 1.81-ஐச் சிவப்பில் வட்டம் போட்டு, கடைப் பேரோடு: "திருட்டுக் கடை. யாரும் வாங்காதீங்க." வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவளா நான்?

14, புதன்

குரூப்பில் ஒரே நன்றி. "நல்லவேளை சொன்னீங்க்கா." "நாங்க நாளைக்கு ரெண்டு வாங்கறதா இருந்தோம், வேண்டான்னுட்டோம்." சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஷமீமா மட்டும் குரூப்பை விட்டு வெளியேறியிருக்கிறாள். ஏனென்று தெரியவில்லை. நல்ல பெண். ஒருமுறை நமக்கு லேபிள் தீர்ந்து லாரி நிற்கும்போது, தன் கம்பெனியிலிருந்து ஆட்டோவில் கொடுத்தனுப்பினாள்.

பழைய வீடியோ எல்லாம் புதுசில் ஏறிவிட்டது. இடமும் மிச்சம். இருந்தாலும் குறைவு குறைவுதான்.

கால் வீக்கம். மாத்திரை வாங்க மறந்தேன்.

15, வியாழன்

பதினொரு மணிக்கு ரியாஸ் கம்பெனிக்கே வந்துவிட்டார். சண்டைக்கு என்று நினைத்து நானும் தயாராகத்தான் போனேன். சத்தமே போடவில்லை. செல்லில் என் போட்டோவைக் காட்டினார்.

"அக்கா, நீங்க வட்டம் போட்டதுக்கு இடது பக்கம் பாருங்க."

ஒரு நீள நம்பர். இரண்டில் தொடங்கி, அதன் பின் பன்னிரண்டு இலக்கம். நான் பார்க்கவே இல்லை.

"ரெண்டு லட்சம் கோடி பைட்டுங்க. அட்டையில சொன்னது முழுசா இருக்குது. ஒன்னும் குறையல. டிஸ்க் செய்யறவங்க ஆயிரம் ஆயிரமா கட்டு போடறாங்க. கம்ப்யூட்டரு ஆயிரத்து இருபத்தி நாலு போட்டுத்தான் ஒரு கட்டுங்குது. அப்பறம் அந்தக் கட்டையும் அதே மாதிரி கட்டுது, நாலு தடவை. கட்டு பெருசானா எண்ணிக்கை கம்மியாத்தானுங்க வரும்? சரக்கு அதேதான்."

போன தீபாவளி மூட்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது. இந்தூருக்கு நான் ஆயிரத்து இருநூறு பனியன் அனுப்பினேன், மூட்டையில் லூசாக. நமக்குப் பெட்டி என்றால் பத்து. பில்லில் நூற்றிருபது பெட்டி. அந்த ஆள் பன்னிரண்டு பன்னிரண்டாகப் போட்டு நூறுதான் வந்தது என்றார். இருபது பெட்டியைத் திருடிவிட்டாள் என்று போன் ஸ்பீக்கரில், முதலாளி முன்னால், "சோர், சோர்" என்றார். ஹிந்தி தெரியாது, திருடன் என்கிற அந்த ஒரு வார்த்தை தெரியும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு.

ரியாஸ் கிளம்பும்போது சொன்னார்: "ஊட்டுக்காரியும் உங்க குரூப்லதானுங்க இருந்தா. ஷமீமா. அவ கம்பெனில எல்லார் முன்னாலயும் கேட்டாங்களாம், அந்தத் திருட்டுக் கடை உங்க வீட்டுக்காரரோடதுதானான்னு."

கவிதா: "அந்த மெசேஜை டெலிட் பண்ணிட்டு விடுங்க்கா. ஆரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க."

இந்தூர்க்காரரும் அப்படித்தான் விட்டார். அடுத்த மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆர்டர் போட்டார். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

16, வெள்ளி

தூறல். ஹா.டி. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. துணியில் இழை எண்ணும் லென்ஸை வைத்துக் கவிதா படித்தாள். ஒரு TB என்றால் இத்தனை பைட், கம்ப்யூட்டரில் குறைத்துக் காட்டும், எல்லாம் எழுதியிருக்கிறது. 2 TB மட்டும் கட்டைவிரல் அளவு! கட்டு வேறு என்று தெரிந்தவர்கள் பேரையும் வேறாக வைத்துத் தொலைய வேண்டியதுதானே? கம்ப்யூட்டர்க்காரனும் அதே பேரைத்தான் போடுகிறான். இவர்கள் இரண்டு பேரும் நன்றாக இருப்பார்கள், நடுவில் கடைக்காரன் திருடன்.

இந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் திருடன் என்று எழுதியது இவர்கள் இல்லை, நான்.

கடைக்குப் போனேன். ஷார்ட்டேஜ் சீட்டைத் திருப்பிக் கேட்டேன். கிழிக்காமல் மடித்து வைத்திருந்தார். "மன்னிச்சுக்குங்க தம்பி" என்றேன். "இருக்கட்டுங்க்கா" என்றார். முகம் பார்க்கவில்லை.

குரூப்பில் எழுதினேன். நாலு தடவை அடித்து அழித்து: "ரியாஸ் கடையில் ஒரு குறையும் இல்லை. கணக்குத் தெரியாமல் திருட்டுக் கடை என்று போட்டது நான். தப்பு என் மேல்தான். சரஸ்வதி." இந்தூர்ப் பெட்டிக் கணக்கையும் எழுதினேன், புரியட்டும் என்று. வேண்டாம் என்றவர்கள் போய் வாங்குங்கள் என்றும்.

ஷமீமாவுக்குத் தனியாக ஒரு மெசேஜ். குரூப்பில் சேரும் லிங்க்கும்.

18, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, மாத்திரையும் வாங்கியாயிற்று.

செவ்வாய்க்கிழமை மெசேஜுக்கு அறுபது பேர் பதில் போட்டார்கள். இதற்கு ஒன்பது பேர், அதுவும் கும்பிடும் கைதான்.

ஷமீமா மெசேஜைப் பார்த்துவிட்டாள், நீல டிக் விழுந்திருக்கிறது. சேரவில்லை.

நானாக இருந்தாலும் சேர மாட்டேன்.